புதுப்பிப்பு: அம்மாவுடன் எலிஃபண்டா போய் வந்தோம்

முழங்கால் வலியுள்ள அம்மாவை மும்பையிலிருந்து எலிஃபண்டா தீவின் குகைக் கோயில்களுக்கு ஒரே நாளில் அழைத்துப் போய் வர முடியுமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். முடிந்தது!

முதலில் திங்கட்கிழமையைத்தான் குறித்து வைத்திருந்தேன். அன்று குகைகள் மூடியிருக்கும் என்று எச்சரித்தவருக்குக் கோடி நன்றி. புதன்கிழமை காலை கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறினோம். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

பயந்தது குகைக்கு ஏறும் அந்த 120 படிகளுக்குத்தான். டோலி (ஆட்கள் தூக்கிச் செல்லும் நாற்காலி) இருக்கிறது, அம்மா மறுத்துவிட்டார். பத்துப் படிக்கு ஒருமுறை, கடைகளின் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறிவிட்டார். தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்குகள் பறித்துவிடும்.

குகைக்கு உள்ளே, சுமார் 6 மீட்டர் உயரச் சதாசிவர், மூன்று முகங்கள் கொண்ட சிவன் சிலை. நமக்கு இடப்பக்க முகத்தில் சீற்றம், வலப்பக்கத்தில் பெண்மையின் குழைவு, நடுவில் கண்மூடிய அமைதி. கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் நடு முகத்தின் தடித்த கீழுதடு துலங்கியது. அம்மா வெகுநேரம் கைகூப்பியபடி நின்றார். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மற்ற குகைகளை நாங்கள் பார்க்கவில்லை, வருத்தமும் இல்லை.

திரும்பும் படகுக்கும் அதே டிக்கெட்தான், பத்திரமாக வைத்திருங்கள்.