மறு: மறு: ‘விதிகளுக்குள் விழுந்த’ நாடகம் – சொல் தேவை

அ.: பாரிஸின் கொமெதி ஃபிரான்சேஸ் நாடகக் குழுவின் கணக்கேடுகள் பற்றிய மொழிபெயர்ப்பு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இடிக்கிறது. அக்குழுவின் 1757 ஒழுங்குமுறைப்படி, வாசல் வசூல் குளிர்காலத்தில் 1,200 லிவருக்கும் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கோடையில் 800க்கும் கீழே தொடர்ந்து இருமுறை இறங்கினால் நாடகம் நடிகர்களுக்கே சொந்தம். ஆசிரியருக்கு அப்புறம் சல்லிக்காசு கிடையாது. இப்படிப் பறிபோனதை ‘விதிகளுக்குள் விழுந்தது’ என்பது பிரெஞ்சு வழக்கு. தமிழில் தலைவிதி என்று படிக்கிறார்கள்.

செ.: அறுதியாதல். அறு என்பதே வேர். உரிமை முற்றாகக் கைமாறும் விற்பனைக்கு அறுதிக் கிரயம் என்று இன்றும் பத்திரத்தில் உண்டு. கையோடு வசூலைத் தண்டல் ஆக்குங்கள். அரபுச் சொல் எதற்கு?

ம.: தண்டல் என்றால் சென்னையில் வட்டிக்காரர் வருவார். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தண்டையல் அந்நாளில் பாய்க்கப்பலே ஓட்டினார். வசூல் இருக்கட்டும். அடகுக்கடையில் நல்ல சொல் இருக்கிறது: கெடு தாண்டினால் நகை ‘மூழ்கிவிட்டது’ என்கிறோமே. மூழ்கிய நாடகம்.

செ.: அடகில் கடன் உண்டு, இங்கே ஆசிரியர் யாரிடம் கடன் வாங்கினார்? தவிர, மூழ்கியது என்றால் ஓடவில்லை என்றுதான் கேட்கும்.

ம.: வரம்பு தாண்டியதும் உடைமை தானாகக் கைமாறுகிறது, அதுதான் ஒற்றுமை. ஆனால் இரண்டாவது ஆட்சேபம் சரி. அரங்கில் ஆண்டு வாடகைக்கு விட்ட சிறு மாடங்களின் (தனி இருக்கை அறைகள்) பணம் வாசல் வசூலில் சேராது. மாடங்கள் பெருகப் பெருக, அரங்கு நிறைந்திருந்தும் ஏட்டில் தொகை குறையும். நன்றாக ஓடிய நாடகமும் பறிபோகும். ஆசிரியர் பங்கிலும் இதே கதை. 1,600 லிவர் வசூல் என்று வையுங்கள்: ஏழைகளுக்காக மருத்துவமனைகளுக்குப் போகும் கால் பங்கு 400, நாட்செலவு 300 போனால் 900. ஐந்தங்க நாடகத்துக்கு ஒன்பதில் ஒன்று, 100. ஆனால் நடிகர்கள் மருத்துவமனைகளுக்கு ஆண்டுக்கொரு மொத்தத் தொகை பேசிக் கட்டிவிட்டு, ஆசிரியர் கணக்கில் மட்டும் முழுக் கால் பங்கையும் கழித்தார்கள். நாடகாசிரியர் பொமார்ஷே, நடிகர்கள் கையெழுத்திட்ட கணக்கு கேட்டு மல்லுக்கு நின்றதும், 1777இல் நாடகாசிரியர்களைத் திரட்டியதும் இதனால்தான்.

செ.: அப்படியானால் இன்னும் வலுவாகச் சொல்கிறேன்: அறுதி.

அ.: மூன்று பேர் தனிமடலில் ‘மூழ்குதல்’ என்றார்கள், அதையே போடுகிறேன். அறுதி அடிக்குறிப்பில் வரும். தண்டல் வராது.

செ.: என் மறுப்பையும் அடிக்குறிப்பில் பதியுங்கள். ‘லிவர்’ என்றால் ஈரல் நினைவுக்கு வருகிறது. ‘லீவ்ர்’ என்றாவது எழுதக் கூடாதா?