சீசன் டிக்கெட்காரர் கூட்டத்தில நிர்வாகம் சொன்ன பதிலுகளை எப்பிடி வாசிக்கிறது?

மேல்தட்டு வரிசை 14 எழுதியது:

நான் இஞ்சை வாசிக்கிறதுதான் கூட, எழுதிறது குறைவு. இண்டைக்கு எழுதாமல் இருக்க ஏலாமல் கிடக்கு.

முந்தாநாள் பின்னேரம் எங்கடை என்.எச்.எல் ஐஸ் ஹொக்கி டீம் முழு சீசனுக்கும் டிக்கெட் வாங்கிற எங்களைக் கூப்பிட்டு கேள்வி-பதில் கூட்டம் வைச்சது. தலைவர், ஜெனரல் மேனேஜர், கோச் மூண்டு பேரும் வந்திருந்தினம். ஐஸை எடுத்தாச்சு, வெறும் சீமெந்துத் தரையில கதிரை அடுக்கியிருந்தினம். பதினொரு வருஷமாய் மேலை இருந்து எட்டிப் பாத்த இடத்தில சப்பாத்தோட நடக்கேக்க ஒரு மாதிரித்தான் இருந்தது. கோல் நிக்கிற இடத்தில கோப்பி மேசை.

கேள்வியை முதலே அட்டையில எழுதிக் குடுக்க வேணும். ஆட்டத்துக்கு வர்ணனை சொல்லுறவர்தான் அட்டையளை எடுத்து வாசிச்சவர். முதல் இருபது நிமிஷமும் கழிப்பறை வரிசை, கார் விடுற இடம், கோல் அடிச்ச உடனை போடுற பாட்டு. தலைவர் இதுக்கெல்லாம் உருகி உருகிப் பதில் சொன்னார். பாட்டை மாத்திறதெண்டு வாக்கே குடுத்திட்டார். பிளேஓஃப் எண்ட கடைசிச் சுற்றுப் பக்கம் தலை வைச்சும் படுக்காத டீமுக்கு பாட்டுத்தான் குறை!

பிறகு ஜெனரல் மேனேஜர். ஒக்டோபரில நல்லாய் விளையாடின அந்த இருபது வயசுப் பொடியனை ஏன் கீழ் லீக்கான ஏ.எச்.எல்லுக்கு அனுப்பினியள்? "ஒரு ஆட்டக்காரனின்ரை வளர்ச்சியை நாங்கள் அவசரப்படுத்திறேல்லை." ஜனவரியில விழுந்த டிஃபென்ஸ்காரனுக்கு என்ன நடந்தது? "கீழ் உடம்பில காயம்." கீழ் உடம்பெண்டால் இடுப்பில இருந்து கால் பெருவிரல் வரைக்கும் எங்கையும் இருக்கலாம். ஜூலையில ஆரை எடுக்கப் போறியள்? "எல்லா வழியளையும் பாக்கிறம்." நான் பக்கத்தில இருந்த ஐயாவைப் பாத்தன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

கோச்சின்ரை கதை வேறை. ஆரோ ஒரு சின்னப் பிள்ளை எழுதிக் குடுத்த அட்டை: "எந்த ஆட்டத்துக்குப் பிறகு உங்களுக்கு நித்திரை வரேல்லை?" சனம் சிரிச்சது, மனுசன் சிரிக்கேல்லை. பெப்ரவரியில நடந்த ஒரு ஆட்டத்தைச் சொன்னார். நாங்கள் ஒரு கோல் முன்னுக்கு, ஒரு நிமிஷம் சொச்சம்தான் மிச்சம். அவங்கள் கோலியை வெளியாலை எடுத்து ஆறாவது ஆளை இறக்கியாச்சு. எங்கடை ஆள் பதறிப்போய் பக்கை (ரப்பர் வட்டை) மற்ற அந்தத்துக்கு அடிக்க, ஐசிங் எண்ட பிழை. ஐசிங் அடிச்ச டீம் ஆள் மாத்த ஏலாது. 2017 இல இருந்து அந்த நேரம் டைம் அவுட்டும் கேக்க ஏலாது. அந்த அஞ்சு பேரும் களைச்சு விழுந்துபோய் நிக்கினம், நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கிற பேஸ்ஓஃபையும் தோத்து, பதினொரு விநாடியில கோல் விழுந்தது. "அதுக்கு முந்தின விசிலிலை என்ரை கையில டைம் அவுட் இருந்தது. எடுத்திருந்தால் முப்பது விநாடி மூச்சு வாங்கியிருப்பாங்கள். நான் எடுக்கேல்லை. அவங்களின்ரை பிழை இல்லை, என்ரை பிழை" எண்டார்.

மகள் என்ரை காதுக்கை சொன்னாள், "அப்பா, அந்த ஆட்டத்துக்கு நாங்கள் போனனாங்கள்." ஓம், போனனாங்கள். ஐசிங் அடிச்சவனை வீடு வரும் வரைக்கும் திட்டிக்கொண்டு கார் ஓடினவன் நான்தான்.

என்ரை அட்டையை வாசிக்கேல்லை. நான் கேட்டது இதுதான்: முக்கியமான ஆக்களிலை பாதிப்பேர் உடுப்பே மாத்தாத பிரீசீசன் (சீசனுக்கு முதல் நடக்கிற பயிற்சி) ஆட்டத்துக்கு ஏன் எங்களிட்டை முழு ஆட்டத்தின்ரை காசு வாங்கிறியள்?

மே 15க்குள்ளை புதுப்பிக்க வேணும். சொல்லாமல் விட்டதுகளிலை எது சொல்ல ஏலாததாலை சொல்லாதது, எது சொல்ல மனமில்லாமல் சொல்லாதது? பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

நீலக்கோடு எழுதியது:

ஜூலை பத்தின பதில்ல அவர் மேல தப்பில்லைங்க. ஜூன் 30 வரைக்கும் அந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் வேற டீமோட ஒப்பந்தத்துல இருக்காங்க. ஒருத்தர் பேரை வெளியில சொன்னாலே அது டாம்பரிங், அதாவது வேற டீம் ஆளை இழுக்கப் பார்க்கறது, லீக் அபராதம் போடும். 2009ல டொராண்டோ கோச் ரான் வில்சன் ரேடியோவுல வேற டீம்ல இருந்த செடின் சகோதரர்களைப் பத்தி ஆசையா பேசினதுக்கே டீம் அபராதம் கட்டிச்சு. அதனால எந்த ஜி.எம்மும் அந்தக் கேள்விக்கு மழுப்பத்தான் செய்வார்.

பையனை அனுப்பினதுக்குக் காரணம் அநேகமா வேவர்ஸ், அதாவது ஒரு ஆளை மத்த டீம்கள் எடுத்துக்கலாம்னு பட்டியல்ல போடற விதி. ரோஸ்டர்ல, அதாவது டீம் பட்டியல்ல, 23 பேர்தான். சின்னப் பசங்களை வேவர்ஸ் இல்லாமலே கீழ அனுப்பிட்டு எப்ப வேணா திரும்பக் கூப்பிடலாம். அனுபவம் உள்ளவரை அனுப்பணும்னா முதல்ல வேவர்ஸ்ல போடணும், மத்த 31 டீம்ல எதுவும் அவரை சும்மாவே தூக்கிட்டுப் போகலாம். ஆக, யாரு நல்லா ஆடுறாங்கறதைவிட யாரை இழக்காம அனுப்ப முடியும்னு பார்ப்பாங்க. இதை மேடையில சொன்னா அந்த மூத்த ஆட்டக்காரருக்கு டிரேட்ல இருக்கிற கொஞ்சநஞ்ச மதிப்பும் போயிடும். அதுக்குத்தான் 'வளர்ச்சி'ங்கற அழகான வார்த்தை.

காயம் மட்டும் எனக்கு உறுத்துது. எங்க அடிபட்டிருக்குன்னு தெரிஞ்சா எதிராளி அங்கேயே இடிப்பான், அதனால சீசன் நடக்கறப்ப மறைக்கறது நியாயம். லீக்கும் விவரம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தறதில்ல. ஆனா சீசன் முடிஞ்ச பிறகு யார் இடிக்கப் போறான்? அந்த ஆட்டக்காரரே வெளியில சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்கலாம். இல்லேன்னா அவரை விக்கப் பார்க்கறாங்க.

இன்னொண்ணு. "சலரி கேப்ல (டீமோட சம்பள உச்சவரம்புல) இடமில்ல"ன்னு ஜி.எம் சொன்னாரா? சொல்லியிருந்தா நம்பாதீங்க. 2019-20ல இருந்து மூணு சீசன் 81.5 மில்லியன் அமெரிக்க டாலர்லயே நின்ன கேப், 2025-26ல 95.5. அடுத்ததுக்கு 104னு 2025 ஜனவரியிலயே கணிச்சு அறிவிச்சுட்டாங்க. இடமில்லேன்னா, இருக்கிற இடத்தை யாருக்குக் குடுத்தாங்கங்கறதுதான் கேள்வி.

கலா எழுதியது:

தம்பி, கோச்சின்ரை பதிலிலை மயங்கிப்போனியள் எண்டு விளங்குது. நானும் அந்தக் கூட்டத்தில மூண்டாம் வரிசையில இருந்தனான். எனக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு இளகினது உண்மை. வீட்டை வந்து கொப்பியை எடுத்துப் பாத்தாப் பிறகுதான் கோவம் வந்தது.

நான் எங்கடை டீமின்ரை பெஞ்சுக்குப் பின்னாலை இருக்கிறனான். கோச் எழுதித் தள்ளுறதைப் பாத்துப் பாத்து எனக்கும் கொப்பி எழுதிற பழக்கம் வந்திட்டுது. ஆர் எந்த லைனில (ஒண்டாய் இறங்கிற கூட்டத்தில), எப்ப விசில், எப்ப டைம் அவுட். பின்னுக்கு நிக்கேக்க டைம் அவுட் எடுத்திருக்கிறார். பவர் பிளேக்கு, அதுதான் எதிராளிக்கு ஆள் குறையிற நேரத்துக்கு, முன்னாலை எடுத்திருக்கிறார். முன்னுக்கு நிக்கேக்க, கடைசி நிமிஷங்களிலை எடுத்தது என்ரை கொப்பியில ஒருக்காவும் இல்லை. பெப்ரவரிக்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை.

அப்ப அது நித்திரை இல்லாமல் ஆக்கின ஒரு பிழையோ, இல்லாட்டி மாத்தாத பழக்கமோ? பெப்ரவரியில அவ்வளவு வலிச்சிருந்தால் மார்ச்சில ஒருக்காவது எடுத்திருக்க மாட்டாரோ? ஒரு பிழையை வடிவாய் ஒத்துக்கொண்டால் மிச்சத்தை ஆரும் கேக்க மாட்டினம். பாருங்கோ, பவர் பிளே பற்றின கேள்வி அதோட செத்துப் போச்சு. அதே ஆள், ஐஸில கிடக்கிற அதே நீலக்கோட்டில நிண்டு, அதே மாதிரி அடிச்சு, அதே மாதிரி தடுபட்டதை வருஷம் முழுக்கப் பாத்தம். ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் உட்பட.

ஜெனரல் மேனேஜர் மழுப்பினாலும் மழுப்பிறார் எண்டாவது தெரிஞ்சது.

முன்னாள் டிக்கெட் பிரிவு எழுதியது:

வேற ஊர்ல, வேற டீம்ல மூணு வருஷம் டிக்கெட் பிரிவுல இருந்தேன். உங்க டீம் எப்படின்னு எனக்குத் தெரியாது, நாங்க எப்படி செஞ்சோம்னு சொல்றேன்.

அட்டைகளை மூணு கட்டாப் பிரிப்போம். வசதி, ஆட்டம், காசு. வசதிக் கட்டு முதல்ல போகும், ஏன்னா அதுல 'செய்யறோம்'னு சொல்ல முடியும், கூட்டம் கைதட்டும். ஆட்டம் நடுவுல. காசுக் கட்டு கடைசி, நேரம் இருந்தா. நேரம் இருக்காது. கூட்டத்தையே புதுப்பிக்கற தேதிக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடிதான் வைப்போம், அது தற்செயல் இல்ல.

உங்க கேள்விக்கு இந்த வருஷம் கூடுதல் அர்த்தம் உண்டு. லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் நடுவுல போட்ட புது தொழிலாளர் ஒப்பந்தப்படி 2026-27ல இருந்து 82 ஆட்டம் 84 ஆகுது, அதாவது சொந்த ஐஸ்ல 41க்குப் பதிலா 42. பிரீசீசன் ஒரு டீமுக்கு அதிகபட்சம் நாலுன்னு குறையுது. நீங்க கேட்டது தானாவே பாதி சரியாயிடும். ஆனா மொத்தத் தொகை இறங்கினா மாதிரி இருக்காது, அதைத்தான் பார்க்கணும். பில்லை எடுத்து, எத்தனை ஆட்டம்னு வரி வரியா எண்ணுங்க. பழைய பில்லையும் பக்கத்துல வைங்க. பிளேஓஃப் டிக்கெட்டுக்கு 'தானாக வசூலிக்கவும்'னு ஒரு பெட்டி ஏற்கனவே டிக் ஆகி இருந்தா எடுத்துடுங்க, வேணும்னா அப்புறம் போட்டுக்கலாம்.

அப்புறம் உங்க பிரதிநிதிக்கு மின்னஞ்சல் போடுங்க, போன் வேண்டாம். எழுத்துல வந்த கேள்வியை மேல அனுப்பாம விட்டா அவங்களுக்கே வம்பு. வாசிக்காத அட்டையையும் நாங்க தட்டச்சு பண்ணி மேல குடுத்திருக்கோம், ஒரே கேள்வி எத்தனை தடவை வந்திருக்குன்னு எண்ணிக்கையோட.

மேல்தட்டு வரிசை 14 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு வேலையால வந்து, பழைய பில்லையும் புதுப் பில்லையும் குசினி மேசையில விரிச்சு வைச்சு மகளும் நானும் எண்ணினம். 42 சரி. பிரீசீசன் ரெண்டு. ஆனால் அந்த ரெண்டுக்கும் பிரிச்சுப் போட்ட விலை சனிக்கிழமை ஆட்டத்தின்ரை விலையேதான். முன்னாள் டிக்கெட் பிரிவு சொன்ன பெட்டியும் டிக் போட்டபடி கிடந்தது, எடுத்திட்டன். பிரதிநிதிப் பிள்ளைக்கு மின்னஞ்சல் போட்டாச்சு. ஒரு மணித்தியாலத்தில பதில்: "உங்கள் கேள்வியைப் போல வேறும் பல கேள்விகள் வந்திருந்தன." எத்தனை எண்டு கேட்டிருக்கிறன்.

நீலக்கோடு, நீங்கள் சொன்ன வேவர்ஸ் விளக்கம் வாசிச்சவுடனை அந்த ஜெனரல் மேனேஜரில எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. பிறகு பழைய செய்தியளைத் தேடிப் பாத்தன். பொடியனை அனுப்பிக் காப்பாத்தி வைச்ச அந்த மூத்த ஆளை நவம்பரிலயே வேவர்ஸில போட்டிருக்கினம். 31 டீமிலை ஒண்டும் எடுக்கேல்லை! அந்த மனுசன் கீழை போயிட்டார். பொடியன் மார்ச் வரைக்கும் கீழைதான் இருந்தவன். ஒக்டோபரில அனுப்பினது விளங்குது. நவம்பருக்குப் பிறகும் ஏன் கூப்பிடேல்லை எண்டதுதான் கேக்க வேண்டிய கேள்வி. அட்டையில அப்பிடி எழுத அண்டைக்கு எனக்குத் தெரியேல்லை.

கலா அக்கா, நீங்கள் எழுதினதை மகளுக்கு வாசிச்சுக் காட்டினன். "அப்ப கோச் பொய் சொன்னவரோ?" எண்டாள். பொய் இல்லை, உண்மையில ஒரு துண்டு எண்டன். அவளுக்கு அது பிடிக்கேல்லை. வாற சீசன் தானும் கொப்பி எழுதப் போறாளாம், மேலை இருந்து பாத்தால் லைன் மாறுறது வடிவாய்த் தெரியுமாம். உங்கடை கொப்பியில என்னென்ன நிரல் வைச்சிருக்கிறியள் எண்டு ஒருக்கா படம் எடுத்துப் போடுவியளோ?