ஐடி கார்டில் ப்ளூடூத் டேக்: கட்டடத்துக்கு நம் பெயர் எதற்கு?

பெல்லந்தூர்வாசி:
அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு டெக் பார்க்கில் வேலை. அடுத்த மாதம் எல்லோருடைய ஐடி கார்டையும் மாற்றுகிறார்கள். புது கார்டுக்குள் ப்ளூடூத் டேக், அதாவது ஓயாமல் சிக்னல் அனுப்பும் சின்னக் கருவி, இருக்கும். ஃபால்ஸ் சீலிங்கில் ஆங்காங்கே ரிசீவர் பொருத்தியாகிவிட்டது. யார் எந்த மாடியில் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கன்ட்ரோல் ரூம் திரையில் தெரியுமாம். கரன்ட் மிச்சமாகும், தீப்பிடித்தால் ஆளைத் தேட உதவும் என்று மெயிலில் இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்குமே என் பெயர் தேவையில்லை என்பது என் கட்சி. பெங்களூரில் கட்டடப் பராமரிப்பில் இருக்கும் நம்மவர்கள் பதில் சொல்லுங்கள்.

கட்டடக்காரன்:
ஒயிட்ஃபீல்டில் பில்டிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம், அதாவது ஏசி, லைட் எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து கட்டுப்படுத்தும் ஏற்பாடு, பார்க்கிறேன். உங்கள் கட்சியை நான் ஏற்கவில்லை.

போனில் உள்ள ஜிபிஎஸ் போதாதா என்று கேட்கலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தச் சிக்னல் தரைக்கு வரும்போதே மிகவும் மெலிந்துவிடும். கான்கிரீட்டைத் தாண்டி உள்ளே வந்தால் நம்ப முடியாது. அதனால்தான் கட்டடத்துக்குள் வைஃபை, ப்ளூடூத் என்று தனி ஏற்பாடு. ஏசியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மாடியில் நாலு பேர்தான் இருப்பார்கள், ஆனால் ஏர் ஹேண்ட்லிங் யூனிட் மாடி முழுவதையும் குளிர வைத்துக்கொண்டிருக்கும். ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் மற்றப் பக்கத்துக் காற்றைக் குறைக்கலாம்.

தீ விஷயம் இன்னும் முக்கியம். 2010 பிப்ரவரியில் ஓல்டு ஏர்போர்ட் ரோடு கார்ல்டன் டவர்ஸில் 9 பேர் இறந்தார்கள். புகை நிறைந்த கட்டடத்துக்குள் நுழையும் தீயணைப்பு வீரருக்கு, எந்த மாடியில் இன்னும் ஆள் இருக்கிறார் என்று சொல்ல முடிவது சின்ன விஷயமா?

பெல்லந்தூர்வாசி:
சின்ன விஷயமே இல்லை சார். ஆனால் நீங்கள் சொன்ன ஏசி வேலைக்குத் தலை எண்ணிக்கை போதும். கதவுக்கு மேலே எண்ணும் சென்சார் இருக்கிறது, அறையின் கார்பன் டை ஆக்சைடு அளவைப் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் முறையும் இருக்கிறது. எதுவும் பெயர் கேட்பதில்லை.

தீயில் டேக் இருக்கும் இடம்தான் தெரியும், ஆள் இருக்கும் இடம் தெரியாது. எங்கள் மாடியில் பாதிப் பேர் கார்டைக் கழற்றி மானிட்டர் மேல் மாட்டிவிட்டுத்தான் காபிக்குப் போகிறோம். அந்தக் காலி நாற்காலியைத் தேடி ஒரு வீரர் புகைக்குள் போனால்?

மடிவாளா முத்து:
உங்களுக்கு அடுத்த மாதம். எங்கள் ஆட்களுக்கு இது எப்போதோ வந்துவிட்டது. நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், கான்ட்ராக்டில். எங்கள் அக்காக்கள் பலர் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். கழுத்தில் டேக், சாயங்காலம் ரிப்போர்ட். எந்த ரெஸ்ட் ரூமில் எவ்வளவு நேரம் என்று அதில் வரும்.

எங்கள் கட்டடத்தின் நடுவில் கீழிருந்து மேல் வரை திறந்த ஏட்ரியம். ஒரு அக்கா நாலாவது மாடிக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவருக்கும் அஞ்சாவது மாடி ரிசீவருக்கும் நடுவில் வெறும் காற்று. நாலாவது மாடி ரிசீவரோ அவர் முதுகுப் பக்கம். ரிப்போர்ட்டில் அஞ்சு என்று விழும். 'ஒதுக்கிய மாடியில் இல்லை' என்று அரை நாள் கூலி பிடித்தார்கள். அவர் துடைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று சொன்னேன். சிஸ்டம் பொய் சொல்லாது என்றார்கள்.

கட்டடக்காரன்:
முத்து அண்ணே, அந்தக் கூலியைப் பிடித்தது அநியாயம். ப்ளூடூத் டேக்கில் சிக்னலின் வலுவை வைத்துத்தான் தூரத்தைக் கணிக்கிறார்கள். ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் உள்ள தண்ணீர் உறிஞ்சிவிடும். ஆள் திரும்பி நின்றாலே கணக்கு மாறும். சில மீட்டர் பிசகு அதில் சகஜம். அதை வைத்துக் கூலி பிடிப்பவருக்குக் கருவியே புரியவில்லை.

ஆனால் துல்லியம் வளர்ந்துகொண்டிருக்கிறது. அல்ட்ரா வைட்பேண்ட் என்ற இன்னொரு ரேடியோ முறை சிக்னலின் வலுவைப் பார்ப்பதில்லை, அலை போய்வரும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். அந்த அளவுக்கு நேரத்தைப் பிரித்துப் பார்க்கும் சிப் 2019-லேயே ஐபோன் 11-க்குள் வந்துவிட்டது. 2024-இல் வந்த ப்ளூடூத் 6.0-லும் தூரத்தை அளக்கத் தனி முறை சேர்த்திருக்கிறார்கள்.

பெல்லந்தூர்வாசி:
துல்லியம் கூடக் கூட எனக்குப் பயம்தான் கூடுகிறது. மாடி தப்பாகச் சொன்னால் சண்டை போடலாம். யார் மேஜைப் பக்கம் எத்தனை நிமிஷம் நின்றேன் என்று சரியாகச் சொன்னால்?

சிவாஜிநகர் ரேவதி:
ஆஸ்பத்திரியில் பயோமெடிக்கல் பிரிவில் இருக்கிறேன். எங்களிடம் டேக் இருப்பது இன்ஃப்யூஷன் பம்ப்பிலும் (நரம்பில் மருந்தை அளவாக ஏற்றும் கருவி) வீல்சேரிலும். அவசரத்துக்கு என்று ஒவ்வொரு வார்டும் ஒரு பம்ப்பை அலமாரியில் பதுக்கிவைக்கும். இப்போது தேடி அலைவதில்லை. எந்த வார்டு என்று தெரிந்தால் போதும், சென்டிமீட்டர் எதற்கு?

ஆனால் பெல்லந்தூர்வாசி, பெயரே கூடாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நைட் டியூட்டி நர்ஸ் கழுத்தில் ஒரு பட்டன் உண்டு. நோயாளியோடு வந்தவர் குடித்துவிட்டுக் கைநீட்டும்போது அதை அழுத்தினால், யார், எங்கே என்று செக்யூரிட்டிக்கு உடனே தெரிய வேண்டும்.

பெல்லந்தூர்வாசி:
அந்தப் பட்டனுக்கு நான் முழு ஆதரவு மேடம். அழுத்தினால் சொல்கிறது, இல்லையென்றால் சும்மா இருக்கிறது. சொல்வதா வேண்டாமா என்பது அந்த நர்ஸ் கையில். கார்டு டேக் அப்படியில்லை, நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும், சீலிங் கேட்டுக்கொண்டே இருக்கும். 2013-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஐபீகன் இதற்கு நேர் எதிர்: சுவரில் உள்ள பெட்டி தன் எண்ணைச் சொல்லும், நான் எங்கே இருக்கிறேன் என்பதை என் போனே கணக்குப் போடும். வைஃபை அலை போய்வரும் நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கும் வைஃபை ஆர்டிடி, ஆண்ட்ராய்டு 9-இல் வந்தது, அதுவும் அப்படித்தான். வழி காட்டவும் மீட்டிங் ரூம் கண்டுபிடிக்கவும் இது போதும். அப்படியிருக்க ஏன் சீலிங் நம்மைக் கேட்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள்?

கட்டடக்காரன்:
போனே கணக்குப் போட ஆப் வேண்டும். ஆப் போடாதவர்களையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்த முறை. விசிட்டர், டிரைவர், ஒப்பந்தத் தொழிலாளி எல்லோரும் தீயில் மாட்டக்கூடியவர்கள்தானே. சட்டமும் இதைத் தடுக்கவில்லை. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, வேலை தொடர்பான காரியத்துக்குச் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது.

சிவாஜிநகர் ரேவதி:
இடம் தருகிறது என்பதற்காக எல்லாவற்றையும் சேர்த்துவைக்க வேண்டுமா? தீக்கு வேண்டியது இந்த நிமிஷம் யார் உள்ளே என்பது. போன மாதம் யார் எங்கே நின்றார்கள் என்பது எந்தத் தீயையும் அணைக்காது.

கட்டடக்காரன்:
அது சரியான கேள்வி. ராத்திரி பன்னிரண்டுக்கு அன்றைய பதிவு தானாக அழிகிற மாதிரி வைக்கலாம், எந்த சிஸ்டத்திலும் அது ஒரு செட்டிங்தான். கேட்டால் செய்வார்கள், யாரும் கேட்பதில்லை. ஆனால் டேக்கே வேண்டாம் என்று எழுதினால் நான் உங்கள் பக்கம் நிற்க மாட்டேன்.

பெல்லந்தூர்வாசி:
டேக் வேண்டாம் என்றுதான் எழுதப்போகிறேன். முடியாது என்றால் தினமும் அழிக்கச் சொல்லி அடுத்த பத்தியில் கேட்பேன். மெயிலின் நகலை இங்கே போடுகிறேன்.

மடிவாளா முத்து:
போடுங்கள். ஆனால் எங்கள் அக்காக்களுக்குக் கம்பெனி மெயிலே கிடையாது, அவர்கள் எந்த முகவரிக்கு எழுதுவது? டேக் ரிப்போர்ட்டை வைத்துக் கூலி பிடிக்கக்கூடாது என்று ஒரு வரி, கான்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். எங்களுடையது மார்ச்சில் புதுப்பிக்கிறார்கள். கட்டடக்காரன் சார், ஏட்ரியத்தில் மாடி மாறி விழும் என்பதை நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். ஒப்பந்தப் பேச்சுக்கு நான் எடுத்துப் போகிறேன்.

கட்டடக்காரன்:
ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதித் தருகிறேன் அண்ணே. உங்கள் கட்டடத்தில் ரிசீவர் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள்.