உப்புக்காற்றில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: ஆடி டிடி சஸ்பென்ஷனை 40 மி.மீ. இறக்கலாமா?

தேவிபட்டினத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2012ஆம் ஆண்டு மாடல், இரண்டாம் தலைமுறை ஆடி டிடி கார் ஒன்றைப் பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கி, ஏழு மாதமாகத் தேவிபட்டினத்தில் வைத்து ஓட்டி வருகிறேன். இதுவரை ஓடியிருப்பது 82,000 கி.மீ.; ஷாக் அப்சார்பர்கள் நான்கும் கம்பெனியிலிருந்து வந்தவையே. மேக்னடிக் ரைடு (ஷாக்கின் இறுக்கத்தைத் தானாகவே மாற்றும்) வசதி இதில் இல்லை.

பரமக்குடி சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால், வண்டி இரண்டு மூன்று முறை தோணி போல அசைந்த பிறகே அடங்குகிறது. பாம்பன் சாலைப் பாலத்தில் ஒவ்வோர் இணைப்பையும் கடக்கும்போது இடது முன்சக்கரப் பக்கத்தில் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. பின் டயர்கள் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திற்கும், இரண்டொரு முறை கொடைக்கானலுக்கும் போவதுண்டு. மற்றபடி இந்தக் கடற்கரைதான். சென்னையில் ஒரு கடையில் காயில்ஓவர் (உயரத்தை மாற்றிக்கொள்ளும்படி ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுப்பு) போட்டு வண்டியை 40 மி.மீ. இறக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். பணத்தைக் கட்டுவதற்கு முன் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மண்டபம் ஒர்க்‌ஷாப் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றுகூட உயரத்தால் வந்ததன்று. அசைந்து அடங்குவது ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டதன் அடையாளம். சத்தத்திற்குப் பெரும்பாலும் லிங்க் ராடின் (ஆன்டி ரோல் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டு) பந்து மூட்டோ, டாப் மவுண்டோ (ஷாக்கின் மேல்முனையை வண்டியின் உடலோடு பிணைப்பது), லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை) பின்புற ரப்பர் புஷ்ஷோ காரணமாக இருக்கும். டயரின் உள்விளிம்பு தேய்வதற்குக் கேம்பரை (சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு) மட்டும் குறை சொல்லாதீர்கள். பின்சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தவறியிருந்தால் அதைவிட விரைவாகத் தேயும். பழைய புஷ்களின்மேல் புதிய காயில்ஓவர் போடுவது, கறையான் அரித்த சட்டத்தில் தேக்குக் கதவை மாட்டுவது போன்றது.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் பாருங்கள். முன்பக்க ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உட்காரும் தட்டில் ஈரமணல் தங்கிவிடும். அது பெயின்டைச் சுரண்டியபின் அந்த இடத்தில் உப்பு வேலையைத் தொடங்கும். தனுஷ்கோடிக்கு அடிக்கடி போய்வரும் வண்டிகளில் அந்தக் கடைசிச் சுற்று உடைந்து கிடப்பதை நான் பலமுறை கழற்றி எடுத்திருக்கிறேன். டார்ச் அடித்து, விரலால் மணலைத் தள்ளிவிட்டு, அந்தத் தட்டை முதலில் பாருங்கள்.

கீழக்கரை கணக்கு எழுதியது:

மண்டபம் அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, 40 மி.மீ. பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தக் காரின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு (ஷாக்கே சக்கரத்தை மேல்பக்கம் பிடித்திருப்பது). அதை அதிகமாக இறக்கும்போது லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். அப்போது வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட ரோல் மையம் (வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், ஸ்பிரிங் பழையபடியே இருந்தால், வளைவில் வண்டி சாய்வது குறையாமல் கூடவே செய்யும். அதைச் சமாளிக்கத்தான் இறக்கிய வண்டிகளுக்கு விறைப்பான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. அதோடு, சக்கரம் மேலே எழும்புவதற்கு இருக்கும் இடத்திலும் அந்த 40 மி.மீ. கழிந்துவிடும்.

ஸ்பிரிங்கின் விறைப்பை 50 சதவீதம் கூட்டினால் வண்டியின் இயல்பான அதிர்வெண் 22 சதவீதம்தான் கூடும். ஆனால் அதைப் பழையபடி அடக்க ஷாக்கின் வலுவும் அதே 22 சதவீதம் கூட வேண்டும். ஆகவே தளர்ந்த ஷாக்கோடு புதிய ஸ்பிரிங்கை மட்டும் போட்டால் தோணி ஆட்டம் மேலும் மோசமாகும். மறுபுறம், ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்ப நீளும்போது தரும் எதிர்ப்பு) அளவுக்கு மீறி இறுக்கினால், பாம்பன் பாலத்தைப் போல அடுத்தடுத்து இணைப்புகள் வரும் இடத்தில் சக்கரம் முழுமையாகக் கீழிறங்குவதற்குள் அடுத்த அடி விழுந்து, வண்டி படிப்படியாகத் தரையை நோக்கி அமிழும். அப்போது பலரும் ஸ்பிரிங் மென்மையாக இருக்கிறது என்று நினைத்து மேலும் இறுக்குகிறார்கள். சரிசெய்யும் வசதியுள்ள ஷாக் வாங்கினால், ஒரே சாலையில், ஒரே டயர் காற்றழுத்தத்தில், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் இரண்டு கிளிக் (சரிசெய்யும் திருகின் படி) மாற்றி, நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள்.

கொடைக்கானல் வளைவுகளில் முன்பக்கம் வெளியே இழுப்பதாகத் தோன்றினால், உயரத்தைத் தொடாமல் பின்பக்க ஆன்டி ரோல் பாரைச் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) சற்றுத் தடிமனானதாக மாற்றலாம். இறக்குவதா வேண்டாமா என்பதற்கு ஒரு எளிய சோதனையும் உண்டு. முன்பக்க ஷாக்கின் ரப்பர் உறையைத் தூக்கிவிட்டு, தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி அடிவரை தள்ளிவைத்து, வழக்கம்போல ஓட்டிவிட்டு வாருங்கள். சக்கரம் எவ்வளவு மேலே போனது என்பதை அதுவே காட்டிவிடும்.

தொண்டி ரோடு எழுதியது:

நான் வேறொரு காரில் காயில்ஓவர் போட்டு 35 மி.மீ. இறக்கி ஓட்டியவன். ஆடி மாதக் காற்றில் அரிச்சல்முனைச் சாலையில் மணல் பாய்ந்து கிடந்தபோது போய்வந்துவிட்டு, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவாமல் மூன்று வாரம் விட்டது என் தவறு. உயரம் மாற்றும் லாக் ரிங்குகள் மரையோடு ஒட்டிக்கொண்டு, கடைசியில் அறுத்துத்தான் எடுத்தோம். காயில்ஓவர்தான் வேண்டும் என்றால், உடல்பகுதி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வேகத்தடைகளையும் மறந்துவிடாதீர்கள்: இந்திய சாலைக் காங்கிரஸின் (சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பு) அளவுப்படி வளைவான தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். ஊருக்குள் கிராமத்தார் போட்டுக்கொண்ட தடைகளுக்கு அந்த அளவு தெரியாது. மேலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கேபிள் டையைக் கட்டிக்கொண்டு அரிச்சல்முனை வரை போய்வந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அது பம்ப் ஸ்டாப்பிற்கு (ஷாக் முழுக்க அமுங்கும்போது தடுக்கும் ரப்பர் கட்டை) 14 மி.மீ. கீழே நிற்கிறது, இப்போதுள்ள உயரத்திலேயே இவ்வளவுதான் மிச்சம். ஸ்பிரிங் தட்டில் துரு இருக்கிறது, உடைவு இல்லை. இடது லிங்க் ராடின் மூட்டைக் கையால் அசைத்தாலே அந்த ‘டக்’ கேட்கிறது. ஆகவே உயரத்தை மாற்றாமல், நான்கு ஷாக், டாப் மவுண்ட், லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். இருங்காட்டுக்கோட்டைக்கு இந்த ஆண்டு இப்படியே போகிறேன். மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா, அண்ணா?

மண்டபம் ஒர்க்‌ஷாப் எழுதியது:

உண்டு. எதையும் கழற்றுவதற்கு முன், வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்று சில மாதங்களில் கிழிந்துவிடும். ஜாக்கியால் ஆர்மைத் தூக்கி, நீங்கள் எழுதிவைத்த அதே அளவு வந்தபின் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். கம்பெனி ஒருமுறை மட்டும் பயன்படுத்தச் சொல்லும் போல்ட்டுகளைப் புதிதாகவே வாங்குங்கள். வீல் அலைன்மென்டை அன்றே ஒருமுறை பார்த்துவிட்டு, 500 கி.மீ. ஓடியபின் மறுபடியும் பாருங்கள். அந்த இரண்டு சீட்டையும் இங்கே போட்டால், பின் டோ என்ன சொல்கிறது என்று பார்க்கலாம்.