வலப்பக்கப் படத்தைத் தொட்டால் அது விருப்பமா?

முகிலன்: "பேச்சு வராத என் மாணவனின் முகத்தை வைத்து ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செய்த வீடியோவைக் காட்டினேன், அவன் தன் பொழுதுபோக்கைத் தானே தேர்ந்தெடுத்துவிட்டான்" என்று வசந்தி டீச்சர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. டேப்லெட்டில் இடப்பக்கம் ஓவியம், வலப்பக்கம் நீச்சல். பையன் நீச்சலைத் தொட்டானாம். பக்கத்தை மாற்றி வைத்து இன்னொரு தடவை கேட்டீர்களா? எதை வைத்தாலும் வலப்பக்கத்தையே தொடுகிற பிள்ளைகள் உண்டு.

வசந்தி டீச்சர்: 16 வருஷமாகச் சிறப்புப் பள்ளியில் இருக்கிறேன், எனக்குப் பாடம் வேண்டாம். அச்சிட்ட அட்டையில் யாரோ ஒரு பையன் நீந்துவான். இவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இந்த வீடியோவில் இவன் முகம், இவனுடைய சிவப்புச் சட்டை. திரையைத் தொட்டான், அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டான், மறுபடி திரையைத் தொட்டான். அதைப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள்.

முகிலன்: நெஞ்சைத் தொட்டது இருக்கட்டும். பக்கத்தை மாற்றினீர்களா? ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஜோடி சேர்த்துக் கேட்கும் முறையை அமெரிக்க நடத்தை ஆய்வாளர் ஃபிஷரின் குழுவினர் 1992லேயே வெளியிட்டுவிட்டார்கள். நீங்கள் வைத்தது ஒரே ஒரு ஜோடி!

சக்கரநாற்காலிக்காரன்: அந்த வீடியோவில் குளத்துக்குள் எப்படி இறங்கினான்? எனக்கும் இப்படி ஒரு படம் செய்து கொடுத்தார்கள். சக்கரத்தைப் பிடித்துத் தள்ளும் வளையமே அதில் இல்லை, கால் வைக்கும் தட்டு காற்றில் தொங்கியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு பொழுதுபோக்கு எங்கள் உரிமை என்கிறது. சாய்தளத்தைக் கட்டுங்கள், படம் அப்புறம்.

வசந்தி டீச்சர்: என் மாணவன் நடப்பான். உங்கள் கோபத்தை அவன் மேல் ஏற்றாதீர்கள்.

சக்கரநாற்காலிக்காரன்: அவன் நடப்பான் என்பதால் மற்றவர்களுக்குச் சாய்தளம் வேண்டாமா? நல்ல டீச்சர்!

ஒரு அம்மா: என் மகளுக்கும் இதே மாதிரி வீடியோ காட்டினார்கள். அமைதியான நீலத் தண்ணீர், இவள் முகத்தில் சிரிப்பு. நிஜக் குளத்தில் எதிரொலி, விசில், குளோரின் நெடி. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிக்காத சிரிப்பை அவள் முகத்தில் ஒட்ட யார் அனுமதி கொடுத்தது?

வசந்தி டீச்சர்: நான் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கித்தான் செய்தேன்.

ஒரு அம்மா: பிள்ளையிடம்?

முகிலன்: பேச்சை மாற்றாதீர்கள். அந்தப் பையன் வாயால் மறுக்க முடியாதவன். நாம் தப்பாகப் புரிந்துகொண்டால் வாரா வாரம் பிடிக்காத தண்ணீரில் நிற்பான். 16 வருஷ அனுபவத்துக்கு இரண்டு படத்தை இடம் மாற்ற அரை நிமிஷம் ஆகுமா?

வசந்தி டீச்சர்: திங்கட்கிழமை அவனைக் குளத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

முகிலன்: பக்கத்தை மாற்றினீர்களா, இல்லையா?