அமெரிக்கத் தேர்தல் வரைபடத்தில் கிராமமும் நகரமும்: மதம் காரணமா, விளைவா?

கேள்வி: வரைபடப் பித்தன்

அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளைக் கவுன்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாகக் காட்டும் வரைபடங்களை எப்போது பார்த்தாலும் எனக்கு ஒரே ஐயம் எழுகிறது. நாடெங்கும் குடியரசுக் கட்சியின் சிவப்பு விரிந்து கிடக்க, மாநகரங்களும் பல்கலைக்கழக ஊர்களும் இருக்கும் இடங்களில்தான் ஜனநாயகக் கட்சியின் நீலம் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. 2016-இல் ஹிலாரி கிளின்டன் வென்ற கவுன்டிகள், மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றுள் ஐந்நூறைக்கூட எட்டவில்லை. ஆயினும் நாடு தழுவிய எண்ணிக்கையில் அவர் ட்ரம்பைவிட 28 லட்சத்துக்கும் கூடுதலான வாக்குகளைப் பெற்றிருந்தார்.

கிராமத்தார் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், ஆகவே பழமைவாதிகள். நகரத்தார் மதத்தை விட்டு விலகியவர்கள், ஆகவே தாராளவாதிகள் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு இது நம்ப முடியாத அளவுக்கு எளிமையாகத் தோன்றுகிறது. மதம்தான் இவர்களை இரு கட்சிகளாகப் பிரித்ததா, அல்லது வேறு காரணங்களால் பிரிந்த பிறகு மதம் வந்து ஒட்டிக்கொண்டதா? இந்தப் பிளவு எப்போது தொடங்கியது? வரலாறு படித்தவர்களும் அந்நாட்டின் சிற்றூர்களில் வாழ்ந்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பழைய நாளிதழ்

தங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கிராமத்து மதப்பற்று வலதுசாரி அரசியலோடுதான் சேரும் என்று அமெரிக்காவில் எந்த விதியும் இருந்ததில்லை. 1896-இல் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், நெப்ராஸ்காவைச் சேர்ந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன் என்ற 36 வயதுக்காரர், கடனில் மூழ்கிய உழவர்களின் சார்பில், நாணயத்தைத் தங்கத்தோடு மட்டும் பிணைத்துவைத்த கொள்கையை எதிர்த்துப் பேசினார். நகரங்களை எரித்தாலும் வயல்கள் இருந்தால் அவை மீண்டும் எழும், வயல்களை அழித்தாலோ நாட்டின் ஒவ்வொரு நகரத் தெருவிலும் புல் முளைக்கும் என்றார். உழைப்பவர் தலையில் முள்முடியை அழுத்தாதீர்கள், மனிதகுலத்தைப் பொற்சிலுவையில் அறையாதீர்கள் என்று அந்த உரையை அவர் முடித்த விதம் ஒரு பிரசங்கியாருடையது. அதிபர் பதவிக்கு மூன்று முறை நின்று தோற்ற அந்த மனிதர்தான் வருமான வரியையும், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பதையும், பெண்களின் வாக்குரிமையையும் ஆதரித்தார். ஓக்லஹோமாவில் அந்நாளைய சோசலிஸ்டுகள் எழுப்புதல் கூட்டங்களைப் போலவே கூடாரமடித்து நாள்கணக்கில் கூட்டம் நடத்தினார்கள்; 1912-இல் அங்கே சோசலிஸ்டு வேட்பாளர் யூஜின் டெப்ஸுக்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வாக்கு விழுந்தது.

மோதல் வெளிப்படையானது 1920-களில்தான். 2,500 பேருக்குக் குறையாத ஊர்களை நகரம் என்று கொண்ட 1920-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நகரவாசிகள் முதன்முறையாகப் பாதிக்கு மேல் ஆனார்கள். கிராமப் பிரதிநிதிகளின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, அந்தக் கணக்கெடுப்பின்படி பிரதிநிதிகள் சபை இடங்கள் மறுபங்கீடு செய்யப்படாமலேயே பத்தாண்டும் கழிந்தது. 1925-இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக ஒரு பள்ளி ஆசிரியர் மீது வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் நின்றவர் அதே பிரயன். எதிர்த்தரப்பில் சிகாகோ வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ. ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பிரயன் ஐந்து நாட்களில் இறந்துபோனார். நகரப் பத்திரிகைகள் செய்த கேலிதான் மக்கள் நினைவில் தங்கியது. (தங்கள் ஊரின் பெயர் நாடெங்கும் பரவ வேண்டும் என்று உள்ளூர் வணிகர்கள் திட்டமிட்டு வரவழைத்த வழக்கு அது என்பதை அந்தக் கேலி மறைத்துவிட்டது.) 1928-இல் நியூயார்க் நகரத்துக் கத்தோலிக்கரும் மதுவிலக்கின் எதிர்ப்பாளருமான அல் ஸ்மித் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானபோது, அக்கட்சியின் கோட்டைகளாக இருந்த டெக்சாஸ், வர்ஜீனியா போன்ற தென்மாநிலங்களே அவரைக் கைவிட்டன.

ஆகவே மத விரிசல் நூறாண்டுப் பழமையானது. ஆனால் அது ஒரே கட்சிக்குள் இருந்தது. சிகாகோ ஆலையின் கத்தோலிக்கத் தொழிலாளியையும் ஜார்ஜியாவின் பாப்டிஸ்டுப் பருத்தி விவசாயியையும் 1930-களின் ஜனநாயகக் கட்சி அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பின்னே நிற்கவைத்தது பொருளாதாரம் என்ற பசை. பத்தில் ஒரு பண்ணைக்கு மட்டுமே மின்சாரம் இருந்த நிலையில் 1935-இல் கிராம மின்மயத் திட்டத்தைத் தொடங்கிய கட்சியை, அதன் நகரத்துத் தலைவர்கள் மது அருந்தினார்கள் என்பதற்காக யார் வெறுப்பார்கள்? அந்தப் பசை காய்ந்து உதிர்ந்தபோது பழைய விரிசல் வெளியே தெரிந்தது. மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுன்டியில் 1950-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழ்ந்தார்கள். 2020-இல் இருபதாயிரம் பேர்கூட இல்லை. 2008-இல் ஒபாமாவுக்குப் பெரும்பான்மை அளித்த அந்த நிலக்கரிக் கவுன்டி, 2016-இல் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு ட்ரம்புக்கு வாக்களித்தது. அந்த எட்டு ஆண்டுகளில் அங்கே யாரும் கூட்டம் கூட்டமாக மதம் மாறிவிடவில்லை. சுரங்க வேலையும் அதனோடு வந்த தொழிற்சங்கப் பிடிப்பும்தான் தேய்ந்து முடிந்திருந்தன.

மறுமொழி: எண்ணும் எழுத்தும்

பழைய நாளிதழ் அவர்கள் தந்த வரலாற்றோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கேள்வியிலும் மறுமொழியிலும் 'கிராமத்தார்' என்ற சொல் வெள்ளையர் என்ற பொருளிலேயே ஓடுகிறது. அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களில் 'கறுப்பு வளையம்' எனப்படும் பழைய பருத்தி நிலப்பகுதியின் கவுன்டிகள் நகரவாடையே இல்லாதவை. ஞாயிறு ஆராதனை தவறாத கறுப்பின பாப்டிஸ்டுகள் நிறைந்தவை. அவை ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கின்றன. வேதமும் ஒன்று, மண்ணும் ஒன்று, வாக்கு மட்டும் வேறு. தெற்கத்திய பாப்டிஸ்டு மாநாட்டு அமைப்பு 1845-இல் பிறந்ததே, அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரி ஆகலாமா என்ற சண்டையில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஊர்ப்புறத்தில் வாழும் வெர்மான்ட், மதப்பற்று மிகக் குறைந்த மாநிலங்களுள் ஒன்று. அது இன்று உறுதியான நீலம். பத்தில் ஒன்பது பேர் நகர்ப்புறத்தில் வாழும் யூட்டா, மோர்மன் திருச்சபையின் தாயகமாக மதப்பற்று மிகுந்தது. அது உறுதியான சிவப்பு. கிராமம்–நகரம் என்ற அளவுகோலை மட்டும் வைத்தால் இரண்டும் தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

'கிராமத்து மதம்' என்று நாம் நினைப்பதன் பிறப்பிடமும் பெரும்பாலும் கிராமம் அல்ல. இன்று சிற்றூர்தோறும் இருக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் 1906-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் என்ற கறுப்பின ஊழியர் நடத்திய கூட்டங்களிலிருந்து பரவியவை. 1979-இல் பாப்டிஸ்டுப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் 'ஒழுக்கப் பெரும்பான்மை' என்ற அமைப்பைத் தொடங்கியபோது அவர் கையிலிருந்த கருவி தொலைக்காட்சி. ஹூஸ்டனின் லேக்வுட் சபை கூடுவது முன்னாள் கூடைப்பந்து அரங்கில். வலதுசாரிக் கிறித்தவ அரசியல் பெருமளவுக்கு மாநகரங்களின் விளிம்பில், புதிய குடியிருப்புகளில் வளர்ந்து, அலைவரிசை வழியாகக் கிராமத்துக்குள் போயிற்று என்பதே என் கருத்து.

மதமும் இனமும் சேர்ந்து வாக்கை முடிவு செய்கின்றன என்று இதை நிறுத்திக்கொள்ளவும் மனம் வரவில்லை. மெக்சிகோ எல்லையில், மக்கள் ஏறத்தாழ அனைவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினராக இருக்கும் டெக்சாசின் ஸ்டார் கவுன்டி, நூறாண்டுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சியை விடாமல் பற்றியிருந்து, 2024-இல் ட்ரம்புக்கு வாக்களித்தது. பசை உதிர்தல் என்ற விளக்கம் அங்கே என் விளக்கத்தைவிட நன்றாகப் பொருந்துகிறது.

மறுமொழி: மூன்றாம் பிரிவு

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. 1962 மார்ச்சில், டென்னசி சட்டமன்றம் 1901-க்குப் பிறகு தொகுதிகளைத் திருத்தாமல் கிராமங்களுக்கு மிகைப் பிரதிநிதித்துவம் கொடுத்து வந்ததை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில், அரசுப் பள்ளிகளில் அரசு எழுதிக் கொடுத்த செபத்தைச் சொல்லவைப்பது செல்லாது என்றது. மூன்று மாத இடைவெளியில், ஒரே நீதிமன்றம், சட்டமன்றத்தில் கிராமத்துக்கு இருந்த பிடியையும் வகுப்பறையில் மதத்துக்கு இருந்த இடத்தையும் அசைத்தது. இரண்டு தீர்ப்புகளும் சரியானவை என்றே கருதுகிறேன். ஆனால் சிற்றூர்வாசி ஒருவருக்கு அவை ஒரே கையின் இரண்டு அடிகளாகத் தெரிந்திருக்கக் கூடும். சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகளே அன்றி மரங்களின் அல்லது ஏக்கர்களின் பிரதிநிதிகள் அல்லர் என்று 1964-இல் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார். அந்த நெறி செனட் சபைக்குப் பொருந்தாது: 2020 கணக்கெடுப்பின்படி 5.77 லட்சம் பேர் கொண்ட வயோமிங்கிற்கும் 3.95 கோடிப் பேர் கொண்ட கலிபோர்னியாவிற்கும் தலா இரண்டு இடங்கள்தான்.

மறுமொழி: ஊர் மருத்துவர்

பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டு பணிபுரிந்தால் தாயகம் திரும்ப வேண்டிய கட்டாயத்திலிருந்து விலக்குப் பெறலாம் என்ற ஏற்பாட்டில் மிசூரியின் தென்பகுதிச் சிற்றூர் ஒன்றுக்கு வந்தேன், பதினோராண்டுகள் ஆகின்றன. ஆகவே புத்தகத்தில் இல்லாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

இங்கே தேவாலயம் என்பது நம்பிக்கையின் இடம் மட்டுமன்று, மீதமிருக்கும் கடைசிப் பொது இடம். உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்கப்பட்டுவிட்டது. மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவு மூடப்பட்டதால் கர்ப்பிணிகள் ஒன்றேகால் மணி நேரம் வண்டியில் போகிறார்கள். யாராவது இறந்தால் அடக்கம் முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில்தான் அனைவருக்கும் உணவு. அந்தத் தேவாலயத்துக்கும் தனியாக ஒரு போதகர் இல்லை. ஞாயிறு காலையில் மூன்று ஊர்களுக்கு ஒருவரே ஓடுகிறார். அரசியலை மிக உரக்கப் பேசும் என் நோயாளிகள் பலர் ஆராதனைக்குப் போவதே இல்லை. அங்கே தவறாமல் போகும் முதியவர்களின் பேச்சு அவர்களுடையதைவிட மென்மையாக இருக்கிறது. மதம் பலவீனமான இடத்தில்தான் அது கொடியாகிறதோ என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றும்.

பழைய நாளிதழ் அவர்கள் சொன்ன பசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டை விரிவாக்க மிசூரி வாக்காளர்கள் 2020-இல் ஏறத்தாழ 53 விழுக்காட்டு ஆதரவில் ஒப்புதல் அளித்தார்கள். அதை நிறைவேற்றியவை செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி முதலிய நகரப் பகுதிகள். மருத்துவமனைகள் மூடப்படும் ஊர்ப்புறக் கவுன்டிகள் பெரும்பாலும் எதிர்த்தே வாக்களித்தன. அதன் பயனை இப்போது என் நோயாளிகள் பெறுகிறார்கள். ஏன் எதிர்த்தீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். "உழைக்காதவர்களுக்கு அது போகும்" என்றார். அவருடைய மகளே அதற்குத் தகுதியானவர் என்பதை நான் சொன்னபோது, அவள் வேறு, அவள் உழைக்கிறாள் என்று பதில் வந்தது. ஆகவே பொருளாதார நன்மை வந்து சேர்ந்தால் மட்டும் பசை மீண்டும் ஒட்டிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. 1935-இல் மின்கம்பம் வீட்டு வாசலில் நட்டிருந்தது, எல்லாருக்கும் தெரிந்தது. காப்பீட்டு அட்டை சட்டைப்பைக்குள் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: வரைபடப் பித்தன்

அனைவருக்கும் நன்றி. என் கேள்வியே சற்றுக் கோணலாக இருந்தது என்று புரிகிறது. மதத்தை ஒரே பொருளாக எண்ணிவிட்டேன். ஊர் மருத்துவர் அவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். 2023-இன் இறுதிக்குள் ஒன்றுபட்ட மெதடிஸ்ட் திருச்சபையை விட்டு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சபைகள் விலகியதாகவும், ஒருபால் திருமணமும் ஒருபால் உறவில் இருப்போருக்குக் குருப்பட்டம் அளிப்பதும் அதற்குக் காரணம் என்றும் படித்தேன். தங்கள் ஊரில் அது கிராமம்–நகரம் சண்டையாகவா இருந்தது?

மறுமொழி: ஊர் மருத்துவர்

இல்லை, உறவினர்களுக்குள் நடந்த சண்டையாக இருந்தது. விலகுவதற்கு, கூடியிருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டியிருந்தது. எங்கள் ஊர் மெதடிஸ்ட் சபையில் அது நான்கு வாக்குகளால் கிடைக்காமல் போயிற்று. விலக விரும்பியவர்கள் அடுத்த ஞாயிறு முதல் கடைத்தெருவில் காலியாகக் கிடந்த பழைய மரச்சாமான் கடையில் கூடத் தொடங்கினார்கள். இரு தரப்பிலும் பெரும்பாலோர் 2024-இல் ஒரே கட்சிக்கே வாக்களித்தார்கள் என்பது அவர்கள் பேச்சிலிருந்து எனக்குத் தெரியும். வரைபடத்தில் எங்கள் கவுன்டி முழுச் சிவப்பு. அடக்கத்துக்குப் பிந்தைய உணவு மட்டும் இன்னும் பழைய கீழ்த்தளக் கூடத்திலேயே நடக்கிறது, ஏனெனில் மரச்சாமான் கடையில் சமையலறை இல்லை.