ராத்திரி முழுக்கக் கூண்டுக் கம்பியைக் கடிக்கிற ஹாம்ஸ்டர்: என்ன செய்யலாம்?

குரோம்பேட்டை_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளோட ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு சிரியன் ஹாம்ஸ்டர் வாங்கிக் கொடுத்தோம். பேர் பட்டாணி, ஆண். கடையில சொன்னபடி பார்த்தா இப்போ ஆறு மாசம் ஆகுது.

பகலெல்லாம் நல்லா தூங்குறான். ராத்திரி பத்தரைக்கு எழுந்தான்னா நேரா கூண்டோட முன்பக்க இடது மூலைக்குப் போறான். கதவுக்குப் பக்கத்துல இருக்கிற ரெண்டு கம்பியைப் பிடிச்சு நறநறன்னு கடிக்க ஆரம்பிக்கிறான். விடியற்காலை நாலு மணி வரைக்கும் விட்டு விட்டு இதே வேலைதான். அந்த ரெண்டு கம்பியில மட்டும் வெள்ளைப் பெயின்ட் போய் இரும்பு தெரியுது. மூக்குக்கு மேல மிளகு அளவுக்கு முடி கொட்டிப் போச்சு. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்ல.

கூண்டு ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ரெண்டு மாடி வச்சது. கடையிலயே கொடுத்த மரத்தூளை ரெண்டு விரக்கடை உயரத்துக்குப் போட்டிருக்கோம். சக்கரமும் அதோடவே வந்ததுதான், என் உள்ளங்கை அகலம் இருக்கும்.

வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன். தும்மினான், அடுத்த கம்பிக்குப் போயிட்டான். துணி போட்டு மூடினேன், துணியையும் உள்ளே இழுத்துக்கிட்டான். கடிக்கிறதுக்குன்னு வாங்கிப் போட்ட கல்லைத் தொடவே இல்ல. மக எழுந்து ஒரு சூரியகாந்தி விதை கொடுத்தா அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கான், திரும்ப ஆரம்பிச்சிடுறான். எங்க வீட்டுல ஒரே ஒரு படுக்கையறைதான். வீட்டுக்காரர் முதல் ஷிஃப்ட், நாலரைக்குக் கிளம்பணும். அவர் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல, ஆனா தூக்கம் இல்லாம அவர் கண்ணு சிவந்திருக்கிறதைப் பார்க்கிறேன்.

துணைக்கு இன்னொண்ணு வாங்கிவிட்டா சரியாயிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. வாங்கலாமா? பல்லு உடைஞ்சிடுமோன்னும் பயமா இருக்கு.

---

மீன்தொட்டி_அன்பர்

அக்கா, இதுங்களுக்கு முன்பல் சாகுற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். தேய்க்கிறதுக்குத்தான் கடிக்குது. மருந்து அடிக்காத கொய்யா மரத்துக் கிளையை விரல் தடிமனுக்கு வெட்டி, கழுவி, நல்லா காய வச்சுப் போடுங்க, சரியாகிடும்.

---

கோவை_நாலுகால்

வணக்கங்க. ஆறு வருஷமா சிரியன் ஹாம்ஸ்டர் வளர்க்கிறேன், இப்ப இருக்கிறது மூணாவது. முதல்ல வளர்த்தவ இதே மாதிரி கம்பியைக் கடிச்சுக் கடிச்சே ஒரு முன்பல்லை உடைச்சுக்கிட்டா. கீழ்ப்பல் கோணலா வளர்ந்து, கடைசி வரைக்கும் மாசாமாசம் டாக்டர்கிட்டக் கொண்டுபோய் வெட்டிவிட வேண்டியதாயிருச்சு. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையாப் படிங்க.

முதல்ல ஒண்ணு: இன்னொரு ஹாம்ஸ்டர் மட்டும் வாங்கிராதீங்க. சிரியன் தனியா வாழற ஜாதி. ஒரே கூண்டுல ரெண்டு விட்டா அடிச்சுக்கும், ஒண்ணு செத்தே கூடப் போயிரலாம்.

கொய்யாக் கிளை நல்லதுதான், நானும் போடறேன். ஆனா பல்லு தேயறதுக்கு மட்டும்னா பட்டாணி அந்தக் கல்லையே கடிச்சிருப்பான். தினம் ஒரே மூலை, அதுவும் கதவோரமா, மணிக்கணக்கா கடிக்கிறான்னா வெளிய வரப் பார்க்கிறான்னு அர்த்தம். வேப்பெண்ணெய், மிளகாய், எலுமிச்சை எதையும் தடவாதீங்க. மூக்குல ஏற்கெனவே புண்ணாகுற இடம் இருக்கு, அதுல பட்டா எரியும்.

அவனோட பூர்வீகத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சிரியாவுல அலெப்போ பக்கத்துல 1930ல இஸ்ரேல் ஆரோனிங்கிற விலங்கியலாளர் ஒரு வயலைத் தோண்டி, ஒரு தாயையும் அதோட குட்டிகளையும் எடுத்தாரு. இன்னிக்கு வீடுகள்ல இருக்கிற சிரியன் ஹாம்ஸ்டர் பெரும்பாலும் அந்தக் குட்டிகளோட வம்சம். அந்தப் பக்கத்து வயல்கள்ல காட்டு ஹாம்ஸ்டரோட வளைகளை அளந்திருக்காங்க. சராசரி ஆழம் 65 சென்டிமீட்டர், சிலது ஒரு மீட்டரையும் தாண்டுது. அப்படித் தோண்டி வாழறவனுக்கு நாம ரெண்டு விரக்கடை மரத்தூள் போட்டிருக்கோம்.

சுவிட்சர்லாந்துல பெர்ன் பல்கலைக்கழகத்துல இதையே ஆராய்ஞ்சிருக்காங்க. 2006ல வந்த ஆய்வுல 10, 40, 80 சென்டிமீட்டர்னு மூணு ஆழத்துல மரத்தூள் படுக்கை போட்டுப் பார்த்தாங்க. 10 போட்டதுகதான் ரொம்ப அதிகமா கம்பியைக் கடிச்சது. 2007ல கூண்டோட அளவை மாத்திப் பார்த்தாங்க: 1,800 சதுர சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சு 10,000 வரைக்கும் நாலு அளவு. எல்லா அளவுலயும் கடிச்சிருக்குதுங்க, ஆனா சின்னக் கூண்டுல இருந்ததுக ரொம்ப நேரம் கடிச்சது. உங்க கூண்டு 45க்கு 30, அதாவது 1,350. அவங்க வச்சிருந்த சின்னக் கூண்டை விடவும் சின்னது. மேல் மாடியை இதுல சேர்க்க முடியாது, அங்க தோண்ட மண்ணு இல்லையே.

பெரிய கூண்டு மட்டும் வாங்கினாலும் முழுசாத் தீராதுன்னு இதுலயே தெரியுது. இடமும் வேணும், ஆழமும் வேணும்.

செலவைப் பத்தி யோசிப்பீங்க. கடையில பெரிய ஹாம்ஸ்டர் கூண்டுன்னு கேட்டா விலை தலையைச் சுத்தும். நீங்க மெட்ராஸ்லதான இருக்கீங்க, கொளத்தூர்ல மீன் கடைக வரிசையா இருக்கு. அங்க போய் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்துல ஒழுகற பழைய தொட்டி இருக்குதான்னு கேளுங்க. மீனுக்கு ஆகாதுன்னு ஓரமாப் போட்டிருப்பாங்க. நமக்குத் தண்ணி ஊத்தற வேலையே இல்ல, ஒழுகினா என்ன? மேல மரச்சட்டத்துல கம்பிவலை அடிச்சு மூடி போட்டுருங்க. கண்ணாடி மூடி வேண்டாம், உள்ள வெக்கை தங்கிரும்.

ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் படுக்கை கொட்டி, கையால நல்லா அழுத்துங்க. அழுத்தினாத்தான் வளை இடியாம நிக்கும். பேப்பர்ல செஞ்ச படுக்கையோட காய்ஞ்ச புல்லை அடுக்கு அடுக்காக் கலந்தா இன்னும் உறுதி. வாசனை போட்டது, பைன், தேவதாரு மரத்தூள் எதுவும் வேண்டாம். மெத்துன்னு இருக்கட்டும்னு பஞ்சு மட்டும் வச்சிராதீங்க, நூல் காலைச் சுத்தி இறுக்கிரும்.

இதுல நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்றேன். மண்சட்டியைப் படுக்கை மேலயே கவுத்து வச்சேன். அவ அதுக்குக் கீழ தோண்டப் போயி, சட்டி இறங்கிப் பாதை அடைச்சுக்கிச்சு. நல்லவேளை, காலைலயே பார்த்தேன். கனமான எந்தச் சாமானா இருந்தாலும் தொட்டியோட அடித்தரையில நிக்கணும், இல்லைன்னா கட்டைக்கால் போட்ட மணை மேல நிக்கணும்.

சக்கரத்தை உடனே மாத்துங்க. சிரியனுக்கு 28 சென்டிமீட்டர் குறுக்களவாவது வேணும், ஓடற பாதையில இடைவெளி இருக்கக் கூடாது. அவன் ஓடும்போது பக்கவாட்டுல பாருங்க. முதுகு மேல்பக்கமா வளைஞ்சு, தலை தூக்கின மாதிரி இருந்தா சக்கரம் பத்தலை.

சாப்பாட்டைக் கிண்ணத்துல வைக்காதீங்க. கம்பு, தினை, சாமை, கொஞ்சம் ஆளி விதைன்னு கலந்து படுக்கை மேல தூவிவிடுங்க. தேடி எடுத்துக் கன்னப்பையில அடைக்கிறதே அவனுக்குப் பாதி ராத்திரி வேலை.

கடைசியா ஒண்ணு, பாப்பாகிட்டப் பக்குவமாச் சொல்லுங்க. கடிக்கும்போது விதை கொடுத்தா, கடிச்சா விதை வரும்னு அவன் கத்துக்குவான். கொடுக்கலாம், ஆனா அவன் கம்பியை விட்டு வேற எங்கயாவது இருக்கும்போது கொடுக்கட்டும்.

வாயில எச்சில் ஒழுகறது, சாப்பாட்டை எடுத்துக் கீழ போடறது, பல்லு ஒண்ணு நீளமாத் தெரியறது, இதுல எது இருந்தாலும் காத்திருக்காம வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போயிருங்க. முன்பல் மஞ்சளா இருந்தா பயப்படாதீங்க, அதோட நிறமே அதுதான்.

---

யீஷூன்_வாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். கோவைக்காரர் சொன்ன அத்தனைக்கும் ஆமாம். வெயிலைப் பற்றி மட்டும் ஒரு சொல். கண்ணாடித் தொட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள். அறை 30 டிகிரியைத் தாண்டினால் ஹாம்ஸ்டருக்கு ஆபத்து. குளியலறைக்குப் போடும் டைல்ஸ் துண்டு ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மதியம் தொட்டிக்குள் போடுங்கள். எங்கள் வீட்டு ஹாம்ஸ்டர் அதன்மேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்துவிடுவாள்.

புதுத் தொட்டிக்கு மாற்றும்போது பழைய மரத்தூளில் இரண்டு கைப்பிடி சேர்த்துப் போடுங்கள். தன் வாசனை இருந்தால் பயப்பட மாட்டான்.

---

குரோம்பேட்டை_அம்மா

எல்லோருக்கும் பதில் சொல்ல மூணு வாரம் ஆகிடுச்சு, மன்னிச்சுக்கோங்க.

கொளத்தூர்ல நாலாவது கடையில கிடைச்சுது. பின்பக்க ஓரத்துல ஒழுகுதுன்னு ஒதுக்கி வச்சிருந்த 4 அடித் தொட்டி. என்ன வளர்க்கப் போறீங்கன்னு கடைக்காரர் கேட்டார், சொன்னதும் விலையில இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கிட்டார். மூடியை வீட்டுக்காரரே ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து செஞ்சார். படுக்கைதான் நினைச்சதை விட ரொம்ப வாங்குச்சு, மூணு பெரிய மூட்டை. இதை முதல்லயே கணக்குல வச்சுக்கோங்கன்னு மத்தவங்களுக்குச் சொல்லிக்கிறேன்.

முதல் நாலு ராத்திரி எனக்கு நம்பிக்கையே போயிடுச்சு. கம்பி இல்லாததால கண்ணாடி மூலையில நின்னுக்கிட்டு ரெண்டு கையாலயும் பறண்டிக்கிட்டே இருந்தான். மக எழுந்து விதை டப்பாவைத் தூக்குவா, நான் வேண்டாம்னு கையைப் பிடிச்சுப்பேன். அவ அழுதா, எனக்கும் அழுகை வந்துச்சு. அஞ்சாவது நாள் காலைல பார்த்தா ஆள் மேல இல்லவே இல்ல. மண்சட்டிக்குப் பக்கத்துல ஒரு ஓட்டை, அதிலிருந்து பாதை கண்ணாடியை ஒட்டியே கீழ இறங்குது. உள்ள நடக்கிறது அத்தனையும் எங்களுக்குத் தெரியுது. தூங்குறதுக்கு ஒரு குழி, கம்பும் தினையும் குவிச்சு வச்ச ஒரு குழி. மூத்திரம் போறது மட்டும் மேல ஒரு மூலையில. மக தரையில படுத்துக்கிட்டு, கண்ணாடியில மூக்கை ஒட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தா.

இப்போ ராத்திரி எழுந்ததும் சாப்பாடு தேடுறான். ரெண்டு கன்னமும் தோள் வரைக்கும் புடைச்சுப் போய், வாசல்ல சிக்கி, பின்னாடி வந்து திரும்ப நுழைவான். அதுக்கப்புறம் சக்கரம். பெரிய சக்கரத்துல சத்தமே இல்ல. மூக்குல வெல்வெட் மாதிரி முடி முளைக்க ஆரம்பிச்சிருக்கு. பல்லை வேப்பேரியில காட்டினோம், நல்லா இருக்குன்னு சொன்னாங்க. சாயங்காலம் எங்க வீட்டுல ஆள் கூட்டமா இருந்தா மட்டும் இன்னும் மூலைக்குப் போய் ரெண்டு நிமிஷம் பறண்டுறான்.

கோவை அண்ணா, மணை விஷயம் சொல்லலைன்னா நானும் சட்டியைப் படுக்கை மேலதான் வச்சிருப்பேன். ரொம்ப நன்றி.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. பழைய கூண்டை என்ன பண்றது? யாருக்காவது கொடுக்கலாம்னா, அவங்களும் அதுல ஒரு ஹாம்ஸ்டரைப் போட்டு வச்சிடுவாங்கன்னு மக விட மாட்டேங்குறா.

---

யீஷூன்_வாசி

பாப்பா சொல்வது சரி. கம்பிப் பகுதியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழுவிக் காயவைத்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டு உயரமாக இருந்தால் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். சலித்து, அலசி, வாணலியில் வறுத்து ஆறவைத்த ஆற்று மணலை மூன்று விரல் உயரத்துக்கு அதில் கொட்டி, தொட்டியில் படுக்கை குறைவாக இருக்கும் பக்கம் வையுங்கள். தூசியாகப் பறக்கும் மணல் மட்டும் கூடாது. பட்டாணி அதில் புரண்டு குளிப்பான். மூத்திரத்துக்கும் அங்கேயே போகப் பழகிவிட்டால், படுக்கையை அடிக்கடி கலைக்க வேண்டிய வேலை உங்களுக்கு இருக்காது.